கோழித் தீவனத்தில் புரோபயாடிக்: மூன்று வருட அனுபவம்

ஒரத்தநாட்டுப் பக்கம் கொல்லையில் ஷெட் போட்டு முந்நூறு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். மூன்று வருடமாகத் தீவனத்தில் புரோபயாடிக் பொடி, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமிகள் அடங்கிய பொடி, கலந்துதான் போடுகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எடை பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. வித்தியாசம் தெரிந்தது கீழே கிடக்கும் உமியில்தான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் ஊர் ஷெட் எப்படி இருக்கும் என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். உமியை அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கும், உள்ளே குனிந்தால் அமோனியா வாடையில் கண் எரியும். இப்போது அதே மழையிலும் பிடித்தால் உதிர்கிறது. எச்சம் தண்ணியாக இல்லாமல், மேலே வெள்ளைத் தொப்பியோடு கெட்டியாக விழுகிறது. (அதே வருடம் சாரல் அடிக்காமல் தார்ப்பாயும் கட்டினேன், அதற்கும் பங்கு இருக்கும்.)

பொடிக்கு முன்னால் தயிரில்தான் ஆரம்பித்தேன். "நமக்கு வயிறு சரியில்லைன்னா மோர் குடிக்கிறோம், கோழிக்கு மட்டும் என்னடா கேடு?" என்று அம்மா கேட்டதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. தண்ணீர்த் தொட்டியில் கலந்துவிட்டேன். நாலாம் நாள் கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் எல்லாம் வழவழவென்று அடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவும்படி ஆனது. அது போக, நான் தொட்டியில் குளோரினும் போட்டுக்கொண்டிருந்தேன், தயிரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் அதில் எங்கே பிழைக்கும்?

பேசில்லஸ் சப்டிலிஸ், லைக்கெனிஃபார்மிஸ் வகைப் பொடிகள் வேறு மாதிரி. அந்தப் பாக்டீரியா வித்தாக மாறி விதைநெல் போல உறங்கிக் கிடக்கும், தீவன ஆலையில் குருணைத் தீவனம் பிடிக்கும் 80 டிகிரி சூட்டையும் தாங்கி, கோழியின் குடலுக்குப் போனபிறகுதான் முளைக்கும்.

நடுவில் ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறொரு பாக்கெட் வாங்கினேன். உறையில் ஏழு கிருமிப் பெயர், அந்தக் கிருமியில் எந்த வகை என்று காட்டும் ஸ்ட்ரெயின் எண் ஒன்றுக்குக்கூட இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. போட்ட மறுநாளே கழிச்சல் நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் வந்தது. புரோபயாடிக் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. உள்ளே ஆன்டிபயாடிக் ஏதும் கலந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் மீதியைக் குழிவெட்டிப் புதைத்தேன். ஐரோப்பாவில் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் போடுவதை 2006-லேயே நிறுத்திவிட்டார்கள், நம் நாட்டிலும் 2019-இல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்குத் தரக்கூடாது என்று தடை வந்தது. அதற்கு மாற்று என்று வாங்குகிற பொடியிலேயே அது இருந்தால் என்ன பிரயோஜனம்?

மருந்து கலக்காத பொடியானாலும், அந்தக் கிருமியே மருந்தை எதிர்க்கும் மரபணுவைச் சுமந்துகொண்டு வரலாம், குடலில் இருக்கும் மற்ற கிருமிகளுக்கும் அது தாவலாம். டோயோசெரின் என்ற பேசில்லஸ் பொடி ஐரோப்பாவில் வருடக்கணக்கில் அனுமதியோடு விற்றது. டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் இரண்டையும் எதிர்க்கும் மரபணு அதில் இருக்கிறது என்று 2013-இல் அனுமதியை நிறுத்திவைத்தார்கள். ஒழுங்காகப் பொடி தயாரிக்கிறவர்கள் கிருமியின் முழு மரபணுவையும் படித்து, எதிர்ப்பு மரபணு, நச்சு மரபணு இரண்டும் இல்லை என்று பார்த்துவிட்டு, சொன்ன அளவைப் போலப் பல மடங்கு கோழிக்குக் கொடுத்தும் சோதிப்பார்கள்.

சரி, கலக்கும் விதம். என்னுடையதில் கிராமுக்கு 100 கோடி வித்து, டன்னுக்கு 500 கிராம் அளவு. ஐம்பது கிலோ மூட்டைக்கு 25 கிராம் வரும். அதை நேராகக் கொட்டினால் ஒரு மூலையிலேயே தங்கிவிடும். முதலில் ஒரு கிலோ தவிட்டில், அப்புறம் ஐந்து கிலோ தீவனத்தில், அதன்பிறகு மொத்தத்திலும் புரட்டுகிறேன். பிரித்த பாக்கெட் மழைக்காலத்தில் கட்டி தட்டிப்போனதால் இப்போது எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன்.

இரண்டாம் வருடம், பொடிதான் போடுகிறோமே என்ற தைரியத்தில் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டேன். வெள்ளைக்கழிச்சல் வந்து நாற்பது கோழி போயிற்று. அது வைரஸ், இந்தப் பொடி அதைத் தடுக்காது. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் அந்த நாட்களில் பொடியை நிறுத்திவிட்டு, மருந்து முடிந்ததும் மறுபடி ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் புதுப் பாக்கெட் வாங்கும்போது ஸ்ட்ரெயின் எண்ணும் பரிசோதனை அறிக்கையும் கேட்டேன். "அதெல்லாம் யாரும் கேக்கறதில்லையே தம்பி" என்றார் கடைக்காரர். காத்திருக்கிறேன் அண்ணே என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். கம்பெனிக்குப் போன் போட்டு, அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் வரவழைத்துக் கொடுத்தார்.