.44 மேக்னம்: பெரிய தோட்டாக்களில் எது நின்றது, எது போனது

அலாஸ்காவில் நான் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் இருந்தது ஸ்மித் அண்ட் வெஸன் 629 ரிவால்வர். நாலு அங்குலக் குழல், ஆறு தோட்டா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், .44 மேக்னம். எண் குண்டின் விட்டத்தை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்வது; மேக்னம் என்றால் வேகமும் பலமும் கூடிய தோட்டா. வேலூரில் நர்சிங் படித்துவிட்டு ஆங்கரேஜில் வேலைக்குப் போனவள் நான். லீவு நாளில் ஆற்றங்கரைக்கு சால்மன் பிடிக்கப் போவோம். அதே மீனைத் தேடிக் கரடியும் வரும். முதலில் கரடி ஸ்பிரே (மிளகாய்க் காரம் பீய்ச்சுவது), அதற்கும் அடங்காவிட்டால்தான் துப்பாக்கி. கரடியைச் சுடும் நிலை எனக்கு வரவேயில்லை. ஓய்வு பெற்றுக் காட்பாடிக்குத் திரும்பும்போது அதை அங்கேயே விற்றுவிட்டேன்.

போனில் சுடுகிற விளையாட்டு ஆடும் என் தம்பி மகன் போட்டோவைப் பார்த்துவிட்டு, “இன்னாத்துக்கு அத்தே இத வாங்கின? டெசர்ட் ஈகிள்தான இருக்கறதுலயே பெரிசு?” என்றான். அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். டெசர்ட் ஈகிள் பிஸ்டல் ஏறக்குறைய இரண்டு கிலோ. திரையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இருப்பதால்தான் அது விற்கிறது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்க முடியாது.

கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்று சந்தையில் நிற்பதை அதன் பலம் தீர்மானிப்பதில்லை என்பது நான் பார்த்துத் தெரிந்துகொண்டது. வாங்கியவர் அதை அடிக்கடி சுட்டுப் பழக முடிகிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. .44 மேக்னம் 1955-இல் வந்தது. 1907 முதலே இருந்த .44 ஸ்பெஷல் தோட்டாவில் எல்மர் கீத் என்ற ஐடஹோ மாடுவளர்ப்பாளர் கூடுதல் வெடிமருந்து அடைத்துப் பல வருடம் சோதித்தார். பிறகு ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸனும் சேர்ந்து அதைப் பொருளாக்கின. பழைய துப்பாக்கியில் தவறிக்கூட நுழையக் கூடாது என்று பித்தளைக் கூட்டைச் சுமார் மூன்று மி.மீ. நீளமாக்கினார்கள். அதனால் மேக்னம் ரிவால்வரில் பழைய ஸ்பெஷலையும் சுடலாம். என் கை சின்னக் கை. 240 கிரெயின் (சுமார் 15.5 கிராம்) குண்டு வினாடிக்கு 1,200 அடிக்கு மேல் வேகத்தில் கிளம்பும்போது வரும் உதை மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை ஏறும். ஸ்பெஷல் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வேகம்தான். வாரக் கடைசியில் ஸ்பெஷலில் பழகி, முடிவில் கொஞ்சம் மேக்னம். இப்படித்தான் அந்தத் துப்பாக்கி என் கைக்குப் படிந்தது. 1971-இல் வந்த ஒரு ஹாலிவுட் போலீஸ் படம் அதன் விற்பனையை ஏற்றிவிட்டது உண்மைதான். ஆனால் படம் பார்த்து வாங்கியவனையும் சுட வைத்துக்கொண்டிருந்தது மிதமான அந்த ஸ்பெஷல் தோட்டா என்றே நினைக்கிறேன்.

.41 மேக்னத்தைப் பாருங்கள். எனக்கு அதன் மேல் உண்மையான வருத்தம் உண்டு. 1964-இல் போலீஸுக்கென்று வந்தது. குண்டின் விட்டம் .410 அங்குலம். .44 என்று பெயர் வைத்ததன் உண்மை விட்டமோ .429. வித்தியாசம் அரை மி.மீ.கூட இல்லை. நேராகப் போகும், உதையும் கொஞ்சம் குறைவு. போலீஸுக்காக மெதுவான ஈயக்குண்டுத் தோட்டாவும் செய்தார்கள். ஆனாலும் துப்பாக்கி .44-க்கு இருந்த அதே பெரிய உடல்தான் (ஃபிரேம்), நாளெல்லாம் இடுப்பில் சுமக்கக் கனம். வேட்டைக்காரனுக்கு .44 போதும், போலீஸ்காரனுக்கு இன்னும் சின்ன .357 மேக்னம் போதும். .44-க்கு ஸ்பெஷல் மாதிரி கடையில் தனியாகக் கிடைக்கிற தம்பித் தோட்டா .41-க்கு இல்லை. தெரிந்த சிலர் மட்டும் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

தானியங்கிப் பிஸ்டலில் வந்த .44 ஆட்டோ மேக் இன்னும் பரிதாபம். துப்பாக்கி வந்த புதிதில் கடையில் தோட்டாவே இல்லை, ரைபிள் கூட்டை வெட்டித்தான் செய்துகொள்ள வேண்டும். கம்பெனி 1972-லேயே திவால்.

10 மி.மீ. தோட்டாவின் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1983-இல் பிரென் டென் பிஸ்டலோடு வந்தது. வாங்கியவர்கள் பலருக்கு மேகசின் (தோட்டா அடுக்கிச் செருகும் பெட்டி) வந்து சேரவில்லை. 1986-இல் அந்தக் கம்பெனியும் மூடியது. அதே வருடம் மியாமியில் இரண்டு எஃப்.பி.ஐ. ஆட்கள் கொல்லப்பட்ட மோதலுக்குப் பிறகு எஃப்.பி.ஐ. 10 மி.மீ.யை எடுத்து, உதைக்காக மருந்தைக் குறைத்தது. குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று 1990-இல் பிறந்ததுதான் .40 என்ற குட்டைக் கூட்டுத் தோட்டா. இனி 10 மி.மீ. அவ்வளவுதான் என்றார்கள். ஆனால் பின்னாளில் எஃப்.பி.ஐ.யே .40-ஐ விட்டு 9 மி.மீ.க்குத் திரும்பியது. 10 மி.மீ.யைக் காட்டில் நடக்கிறவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். என்னோடு வேலை பார்த்த இளைய நர்ஸ் ஒருத்தி 10 மி.மீ. சுடும் க்ளாக் 20 பிஸ்டல் வைத்திருந்தாள். பதினைந்து தோட்டா, என்னுடையதைவிட எடை குறைவு, உதையும் தாங்குகிற அளவு. நேர்மையாகச் சொல்கிறேன், இன்று புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

2003-இல் வந்த .500 மேக்னத்தை ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) சுட்டுப் பார்த்தேன். கைகளை நம்பிப் பிழைக்கிற நர்ஸ் அதைத் திரும்பத் தொட வேண்டியதில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னே வந்த .480 ரூகர் நல்ல தோட்டா, .500-இன் ஆரவாரத்தில் அமுங்கிப் போனது.

நம் ஊரில் இந்தப் போட்டியே கிடையாது. கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் கிடைத்தாலும் பெரும்பாலும் கிடைப்பது கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர்தான். 9 மி.மீ.யே பொதுமக்களுக்குத் தடை. இங்கே தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது சட்டம்.

துப்பாக்கி உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்க வளர்ந்தவளுக்குத் தோல் என்றால் தனிப் பிரியம். ஆனால் அலாஸ்கா மழையில் தோலுறை ஊறிக் காயவே காயாது. நெஞ்சில் கட்டும் நைலான் உறை வாங்குங்கள். காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுமூடி, இரண்டும் இல்லாமல் ரேஞ்சுக்குள் போகாதீர்கள். கரடிக்கென்றால் முனையில் குழியுள்ள ஹாலோ பாயின்ட் குண்டு வேண்டாம். தட்டை முனையுள்ள கடின ஈயக்குண்டு கேளுங்கள், அதுதான் ஆழமாகப் போகும்.