எட்டு வாரம், ஒரே ஒரு கதை: இணையவழிச் சிறுகதை வகுப்பு எப்படி இருந்தது?

இந்த வகுப்பில் சேர்ந்த அன்று என் மடிக்கணினியில் 14 கதைகள் இருந்தன. பதினாலும் முதல் பக்கத்தோடு நின்றவை. நான் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கிறவள், வயது 43. வரவும் செலவும் பொருந்தாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கதை பாதியில் நின்றால் மட்டும் பல வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அந்த எரிச்சலில்தான் பணம் கட்டினேன்.

எட்டு வாரம், 24 பதிவுக் காணொளிகள், வாரம் ஒரு பயிற்சி, சனிக்கிழமைதோறும் ஏழு பேர் கொண்ட நேரலை வாசிப்பு வட்டம், கடைசியில் ஆசிரியரே நம் கதையைத் திருத்தித் தருவார். இதுதான் வாக்குறுதி. நடத்துகிறவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே அமைப்பில் இப்போது நிறைய வகுப்புகள் வருகின்றன, சேர நினைப்பவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

காணொளிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆசிரியர் புத்தக அலமாரி முன்னால் நின்றுகொண்டு, நமக்குள் ஓர் எழுத்தாளர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்கிறார். முதல் ஒன்பதிலும் அந்த எழுத்தாளர் எழுந்திருக்கவே இல்லை. நான் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு: பார்வைக் கோணம் பற்றியது. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிடுகிறது, உள்ளே மூன்று பேர். அதே காட்சியை ஒருமுறை தன்மையிலும் ஒருமுறை படர்க்கையிலும் எழுத வேண்டும். என் படர்க்கைப் பிரதியில், கதை முழுக்க மாலதியின் மனசுக்குள் நின்று எழுதிவிட்டு, நடுவில் ‘அவள் முகம் சிவந்தது’ என்று ஒரு வரி. லிஃப்டில் கண்ணாடியே இல்லை. தன் முகம் சிவந்ததை அவள் எப்படிப் பார்த்தாள்? காது சூடானது என்று எழுதியிருந்தால் அது அவளுக்குத் தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் இப்படித்தான் கதைக்குள்ளிருந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது.

கொடுத்த பணத்துக்கு மதிப்பு என்று ஒன்று இருந்தால், அது சனிக்கிழமை வட்டம்தான். விதி எளிது. ஒருவர் கதையை மற்ற ஆறு பேரும் முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும். 15 நிமிடம் அவர்கள் பேசுவார்கள், எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936-ல் தொடங்கியது. எழுதியவரை மௌனமாக உட்காரவைக்கும் இந்த முறைக்கு அந்தப் பட்டறை பேர்போனது. கேட்க நாகரிகமாக இருக்கிறது, உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

என் கதையில், இறந்துபோன அப்பாவின் நாட்குறிப்பை மகள் திறக்கிறாள். ரகசியம் ஏதோ இருக்கும் என்று நினைக்கிறாள். உள்ளே தினமும் அவர் நடந்த தூரம் மட்டும் எழுதியிருக்கிறது. இதைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு பக்கத்துக்கு மழை பெய்யவிட்டிருந்தேன். ஆறு பேரில் நான்கு பேர், கதை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது என்றார்கள். மைக்கை அணைத்துவிட்டு, எதிரே இருந்த தாளில் ‘அது அப்படி இல்லை’ என்று எழுதினேன். 15 நிமிடம் முடிந்தபோது அதையே ஆறுமுறை எழுதியிருந்தேன். விளக்கம் சொல்லத் துடித்த ஒவ்வொரு விஷயமும் கதையில் எழுதாமல் விட்டது என்று புரிய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

அப்புறம் வட்டத்திலிருந்த கல்லூரி மாணவன் ஒரு கேள்வி கேட்டான். “அக்கா, அந்தத் தூரம் ஏதோ ஒரு நாளிலிருந்து குறைய ஆரம்பிச்சிருக்குமே, அந்தப் பொண்ணு அதைப் பார்த்தாளா?”

நாள் முழுக்க எண்களைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். எனக்குத் தோன்றவில்லை.

‘சொல்லாதே, காட்டு’ என்ற பாடத்தை ஆசிரியர் நேற்றுதான் கண்டுபிடித்ததுபோல மூன்று காணொளிகளில் சொல்கிறார். வட்டத்திலிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை அதை ஐந்து நிமிடத்தில் முடித்தார். என் கதையில் ‘அவள் அழுதாள்’ என்று வரும் இடத்தைக் காட்டி, “இது எந்த அழுகைம்மா?” என்று கேட்டார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள், அதாவது மனசில் எழுந்து உடம்பில் தெரியும் உணர்ச்சிகள். ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்கள். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வருவது, பறிகொடுத்ததால் வருவது, பழைய நிலை கெட்டதால் வருவது, அனுபவிக்கக் கிடைக்காததால் வருவது. என் கதாநாயகி அப்பாவை இழந்து அழுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், ஒருநாள்கூட அவரோடு நடக்கக் கிடைக்கவில்லையே என்பதுதான் அவள் அழுகை. அது தெரிந்ததும் ‘அழுதாள்’ என்ற சொல்லே தேவைப்படவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறாள், அவ்வளவுதான். டீச்சருக்குத்தான் அந்தக் கட்டணத்தில் பாதி போயிருக்க வேண்டும்.

ஐந்தாம் வாரத்தில் ‘30 நாள் வேகச் சவால்’ என்று ஒன்று. 1999-ல் வெளிநாட்டில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய, ஒரே மாதத்தில் 50,000 சொல் நாவல் எழுதும் போட்டியை அப்படியே எடுத்திருந்தார்கள். கணக்குப் போட்டால் நாளுக்கு 1,667 சொல். ஆங்கிலத்துக்கு வகுத்த எண்ணிக்கையைத் தமிழுக்கு அப்படியே போடலாமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ‘வந்துகொண்டிருந்தவனிடமிருந்து’ நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு அரை வாக்கியம். நான்காம் நாள் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகச் சொற்களைப் பிரித்துப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தேன். தணிக்கைக்காரியே கணக்கில் கைவைக்கிறாளே என்று வெட்கமாகி நிறுத்திவிட்டேன்.

இனி புகார்கள். ஆசிரியரின் திருத்தம் சொன்ன தேதிக்கு 19 நாள் தாமதமாக வந்தது. மொத்தம் ஒரே வரி: ‘நல்ல முயற்சி, இன்னும் ஆழம் தேவை.’ வட்டத்தில் விசாரித்தால் அந்த மாணவனுக்கும் அதே வரி, காற்புள்ளி உட்பட. சான்றிதழ் மட்டும் ஆறாம் வாரமே, நான் கதையை அனுப்புவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

இதைவிட முக்கியமானது ஒப்பந்தம். நிபந்தனைகளின் 11-வது பத்தியில், பயிற்சிகளில் எழுதப்படும் எல்லாவற்றையும் நிறுவனம் தன் தொகுப்பு நூலில் வெளியிட்டுக்கொள்ளலாம் என்றும், அதில் இடம்பெறுகிறவர்கள் குறைந்தது 20 பிரதிகள் வாங்க வேண்டும் என்றும் இருந்தது. பதிப்புரிமை எழுதியவருக்கு எழுதும்போதே வந்துவிடுகிறது. 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில் அதற்குப் பதிவுகூடக் கட்டாயமில்லை. அப்படி இயல்பாகக் கிடைத்த உரிமையைக் கொடுத்துவிட்டு, நம் கதையை நாமே காசு கொடுத்து வாங்குவது எந்தப் பேரேட்டிலும் உதைக்கும். எனக்கு அந்தப் பத்தி வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பினேன், இரண்டு நாளில் நீக்கிவிட்டார்கள். கேட்டால் நீக்குகிறார்கள், கேட்காதவர்கள் பாடு எப்படியோ.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். மூன்றும் வட்டத்துக்கு. ஏற்கெனவே உங்கள் எழுத்தை உண்மையாகப் படித்துச் சொல்ல நாலு பேர் இருந்தால் இதில் சேர வேண்டியதில்லை. இல்லையென்றால் சேருவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வட்டத்தில் எத்தனை பேர், ஒருவர் கதைக்கு எத்தனை நிமிடம். பத்துப் பேருக்கு மேல் என்றால் உங்கள் முறை வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

ஒரு உபரித் தகவல்: கைபேசியில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறதே, கதையை அதில் போட்டுக் கேளுங்கள். உணர்ச்சியே இல்லாத அந்தக் குரல் என் கதையில் ஒரே பத்தியில் ‘அவள்’ என்று ஒன்பது முறை சொன்னது. இது இலவசம்.

நாட்குறிப்புக் கதை 2,310 சொல்லில் தொடங்கி, நான்காம் வரைவில் 1,480-க்கு வந்து, முடிந்தும்விட்டது. வகுப்பு தீர்ந்த பிறகும் நாங்கள் ஏழு பேரும் சனிக்கிழமைகளில் சந்திக்கிறோம், ஆசிரியர் இல்லாமல். 15-வது கதை இப்போது முதல் பக்கத்தில் நிற்கிறது. இந்த வாரம் என் முறை, வெள்ளிக்கிழமைக்குள் டீச்சருக்கு அனுப்ப வேண்டும்.