பழைய டிராக்டருக்குக் கொக்கிச் சட்டகம்: ஒரு பருவம் உழுத பிறகு

எங்கள் வீட்டில் இருப்பது 1998-ஆம் ஆண்டு வாங்கிய மாசி பெர்குசன் 1035. நெல்லிக்குப்பத்துக்கு அருகே நஞ்சையில் நெல்லும் கரும்பும், மேட்டு நிலத்தில் மணிலாவும் (நிலக்கடலை) பயிரிடுகிறோம். ஆடி, ஆவணி மாதங்களில் காலையில் ஒன்பது கொழுக் கலப்பையும், நண்பகலில் சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டரும், சில நாட்களில் மாலையில் பார் பிடிக்கும் கலப்பையும் அதே வண்டியில் ஏறி இறங்கும். எஞ்சினில் எனக்குக் குறையே இல்லை. கருவியை மாற்றுவதுதான் என்னைச் சோர்வடையச் செய்தது.

பழைய வண்டியில் இந்த வேலையைச் செய்தவர்களுக்கு அது எப்படிப்பட்டது என்று தெரியும். வண்டியின் பின்னால் கருவியைத் தூக்கும் இரண்டு கீழ்க்கைகளில் இடது கையை முதலில் கருவியின் ஊசியில் (நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளையில்) மாட்டி, வலது கையின் உயரத்தைச் சுழற்றுப்பிடியால் ஏற்றி இறக்கிப் பொருத்தி, கடைசியாக மேலே நடுவில் உள்ள டாப் லிங்க் என்னும் இணைப்புத் தண்டைத் திருகி நீட்டியோ குறுக்கியோ இணைக்க வேண்டும். வண்டி அரை அங்குலம் தள்ளி நின்றாலும் ரொட்டவேட்டரைக் கடப்பாறையால் நெம்பித்தான் நகர்த்த வேண்டியிருக்கும். எங்கள் வண்டியில் கைகளைத் தூக்கும் எண்ணெய் அழுத்த லிஃப்ட் தேய்ந்து, தூக்கி நிறுத்திய கைகள் மெல்லத் தாழ்ந்துவிடும் என்பதால், ஒருவர் இருக்கையில் இருக்க இன்னொருவர் வண்டிக்கும் கருவிக்கும் நடுவே நின்று ஊசி போடுவதே பழக்கமாயிற்று. அந்த இடத்தில் நிற்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை உணர்ந்த பிறகுதான் மாற்றுவழி தேடினேன்.

கடலூர்–பண்ருட்டி சாலையில் உள்ள ஒரு வெல்டிங் பட்டறையில் கொக்கிச் சட்டகம் ஒன்றைச் செய்து வாங்கினேன். க்விக் ஹிட்ச் என்று கேட்டாலும் புரிந்துகொள்கிறார்கள். கவிழ்த்த ‘ப’ வடிவில், கனமான இரும்பால் ஆன சட்டம் அது. வண்டியின் இரண்டு கீழ்க்கைகளிலும் டாப் லிங்க்கிலும் அது நிலையாக மாட்டப்பட்டிருக்கும். வண்டியைப் பின்னால் நகர்த்திச் சட்டத்தைக் கருவியின் ஊசிகளுக்குக் கீழே கொண்டுவந்து லிஃப்ட்டைத் தூக்கினால், மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக உள்ள கொக்கிகள் ஊசிகளை ஏந்திக்கொள்ளும். கீழ்க்கொக்கிகளின் பூட்டு ஸ்பிரிங்கால் தானாக விழும். சட்டத்துக்கு 13,500 ரூபாயும், ஊசிகளின் மேல் போடும் உறைகளான புஷ்களுக்குக் கருவி ஒன்றுக்கு 900 ரூபாயும் கொடுத்தேன்.

புஷ் எதற்கு என்று தொடக்கத்தில் எனக்கே விளங்கவில்லை. எங்கள் கருவிகளின் கீழ் ஊசி 22 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. கொக்கியின் வாயோ அதைவிட அகலமானது. புஷ் இல்லாமல் மாட்டினால் ஊசி கொக்கிக்குள் ஆடி, சில நாட்களிலேயே இரண்டும் தேய்ந்துவிடும். ஆகவே சட்டத்தை மட்டும் வாங்கிச் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இந்தச் சட்டகத்தின் நன்மை, தீமை இரண்டும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. இரண்டு கீழ்க்கைகளும் டாப் லிங்க்கும் சேர்ந்த மூன்று முனை இணைப்பு என்பது ஹாரி பெர்குசன் வடிவமைத்து, 1939-இல் ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட்ட டிராக்டரின் மூலம் உலகெங்கும் பரவிய முறை. பிற்காலத்தில் அதற்கு நிலையான அளவுகள் வகுக்கப்பட்டன. எங்கள் கருவிகள் சேரும் முதல் வகையில் இரண்டு கீழ் ஊசிகளுக்கும் இடையே 683 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். தனித்தனியாக அசையும் கைகள் இந்த அளவில் ஏற்படும் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். விறைப்பான சட்டம் பொறுத்துக்கொள்ளாது. பெரிய நிறுவனம் செய்த எங்கள் ரொட்டவேட்டர் முதல் நாளிலேயே பொருந்தியது. பல ஆண்டுகளுக்கு முன் உள்ளூரில் அடித்த ஒன்பது கொழுக் கலப்பையில் அகலம் 700 மில்லிமீட்டருக்கு மேல் இருந்ததோடு, மேல் ஊசியும் ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தது. அதை அறுத்து மீண்டும் பற்றவைக்க ஒரு முழுநாள் ஆயிற்று. வாங்குவதற்கு முன் உங்களிடமுள்ள ஒவ்வொரு கருவியையும் நாடா வைத்து அளந்து, அந்த அளவுகளைத் தாளில் எழுதிப் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். மேல் கொக்கியை மூன்று உயரங்களில் மாற்றிப் பொருத்தும் வகையில் துளை போடச் சொன்னது நான் செய்த நல்ல காரியம்.

மேல் ஊசியின் உயரத்தை அலட்சியமாக விடக்கூடாது. எங்கள் வண்டியில் மண்ணின் இழுவையை டாப் லிங்க் வழியாகத்தான் லிஃப்ட் உணர்ந்து, கலப்பை ஆழம் போகும்போது சற்றே உயர்த்துகிறது. மேல் முனையின் உயரம் மாறினால் டாப் லிங்க்கில் விழும் அழுத்தமும் மாறும். அதனால் உழவின் ஆழம் ஒரே சீராக இராது. துளையை மாற்றிப் போட்ட பிறகு ஆழக் கட்டுப்பாட்டு நெம்புகோலை மறுபடியும் பழகிக்கொள்ள எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன.

சட்டகம் கருவியை ஏறக்குறைய நான்கு அங்குலம் பின்னே தள்ளுகிறது. இதனால் எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டின் உட்குழாயும் வெளிக்குழாயும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும் நீளம் அந்த அளவுக்குக் குறைகிறது. நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் தண்டில் அது சிறிய விஷயம் அன்று. ரொட்டவேட்டரைத் தூக்கிய நிலையிலும் இறக்கிய நிலையிலும், எஞ்சினை நிறுத்திவிட்டு அளந்து பார்த்தேன். பழைய தண்டு போதாது என்று தெரிந்ததால் நீளமான குழாய் போட வேண்டியதாயிற்று. எடை பின்னே நகர்வதால் லிஃப்ட்டுக்குச் சுமை கூடுகிறது, முன்சக்கரமும் லேசாகிறது. பழைய லிஃப்ட்டைப் பழுது பார்க்காமல் இதை மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொன்ன நாளைவிட மூன்று வாரம் தாமதமாகத்தான் கொடுத்தார்கள். முதலில் போட்ட பூட்டு ஸ்பிரிங் வலுவற்றது. ஒரு முறை வரப்பு ஏறும்போது இடப்பக்கப் பூட்டு திறந்துகொண்டது. நல்லவேளையாகக் கருவி கழன்று விழவில்லை. மறுநாளே காசு வாங்காமல் கனமான ஸ்பிரிங்கும், குறுக்கே செருகும் காப்பு ஊசியும் போட்டுத் தந்தார்கள். நீங்கள் செய்யக் கொடுத்தால் அந்தக் காப்பு ஊசியை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். பற்றவைப்பில் இதுவரை விரிசல் எதுவும் இல்லை.

அரைமணி நேரம் பிடித்த மாற்றம் இப்போது கலப்பைக்கு மூன்று நிமிடத்தில் முடிகிறது. ரொட்டவேட்டருக்கு இறங்கிவந்து பி.டி.ஓ. தண்டைக் கையால் மாட்ட வேண்டும் என்பதால் பத்து நிமிடம் ஆகிறது. நேரத்தைவிட, நான் தனியாகவே மாற்ற முடிவதும், நகரும் வண்டிக்கும் கருவிக்கும் நடுவே யாரும் நிற்க வேண்டியதில்லை என்பதுமே எனக்குப் பெரிது. பாகூர்ப் பக்கம் சொந்தக் கருவிகளோடு கூலிக்கு உழுபவர்கள் ஒரே நாளில் பல வயல்களில் கருவி மாற்றுவார்கள். அவர்களுக்கு இது நிச்சயம் பயன்படும். கருவிகளை அவ்வப்போது வாடகைக்கு எடுப்பவர்களுக்கு அந்த அளவுக்குப் பயன்படாது, ஏனெனில் ஒவ்வொரு வாடகைக் கருவியும் ஒவ்வோர் அளவில் வரும். பூட்டை விடுவித்தால் சற்று நீண்டு, வண்டியைப் பின்னே எடுத்ததும் தானாக உள்ளே சென்று பூட்டிக்கொள்ளும் கீழ்க்கை நுனிகளைப் பொருத்துவதே அவர்களுக்குத் தகுந்தது. அதில் கருவி பின்னே தள்ளப்படுவதில்லை. ஊசி போடும் வேலை மட்டும் கையால் செய்யும்படி இருக்கும்.

வட்டத் தட்டுகள் கொண்ட எங்கள் சட்டிக் கலப்பையை இன்னும் இதில் மாட்டவில்லை. அதன் கீழ் ஊசிகள் வளைந்த ஒரே தண்டில் அமைந்திருப்பதால், அறுத்துப் பற்றவைத்தால் வலு குறையுமோ என்ற அச்சம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கோடை உழவுக்கு மட்டும் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய முறையிலேயே மாட்டிக்கொள்கிறேன்.