கோகுசெக் எக்ஸ்எஸ்: லூபஸ் உள்ளவர்கள் வீட்டில் ஐஎன்ஆர் பார்க்க ஏற்றதா?

ரோஷ் நிறுவனத்தின் கோகுசெக் எக்ஸ்எஸ், விரல் நுனி ரத்தத்தில் ஐஎன்ஆர் பார்க்கும் கையடக்கக் கருவி. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண்தான் ஐஎன்ஆர்; எண் கூடினால் ரத்தம் மெதுவாக உறைகிறது என்று அர்த்தம். செயற்கை இதய வால்வு வைத்துக்கொண்டு ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது பெரிய வசதி. லூபஸோடு (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோமும் (ஆன்டிபாடிகளால் ரத்தம் எளிதில் உறைந்துவிடும் கோளாறு) சேர்ந்து, காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள் மட்டும் காசு கொடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரத்தத்தை வைக்கும் ஸ்ட்ரிப்பில், அதை உறைய வைக்கும் த்ராம்போபிளாஸ்டின் என்ற பொருள் இருக்கிறது. அதில் பாஸ்போலிபிட் என்ற கொழுப்பு வகை கலந்திருக்கிறது. இந்தக் கோளாறில் வரும் ஆன்டிபாடிகளில் ஒன்றான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பாசிட்டிவ் என்றால், ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி அந்தப் பாஸ்போலிபிடைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரிப்பில் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். திரை 3.8 என்று காட்டும். உடம்பில் உண்மையான நிலை 2-ஐ ஒட்டிக்கூட இருக்கலாம். அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் குறைத்தால் மறுபடியும் ரத்தம் கட்டும். ஸ்ட்ரிப்போடு வரும் தாளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. விற்பவர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே, முதல் சில முறை ஒரே வேளையில் விரலிலும் பாருங்கள், கை நரம்பிலும் ரத்தம் கொடுத்து லேபில் பாருங்கள். வித்தியாசம் 0.5-க்குள் நின்றால் கருவியை வைத்துக்கொள்ளலாம். எண் ஏற ஏற இடைவெளியும் கூடினால் உங்களுக்கு இது ஒத்துவராது. லேப் முடிவிலும் சந்தேகம் என்றால், வார்ஃபரின் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வேறு வழியில் காட்டும் குரோமோஜெனிக் ஃபேக்டர் எக்ஸ் ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதை இந்த ஆன்டிபாடி குழப்புவதில்லை. ஒத்துப்போனவர்களும் கருவி 4-க்கு மேல் காட்டினால் லேபில் உறுதிசெய்த பிறகே டோஸைத் தொட வேண்டும், அதுவும் டாக்டர் சொல்லி.

பயன்படுத்துவது எளிது. கருவியில் செருகும் கோட் சிப்பின் எண்ணும் ஸ்ட்ரிப் டப்பாவில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, ஸ்ட்ரிப்பைச் செருகுங்கள். தேவை 8 மைக்ரோலிட்டர், ஒரே ஒரு நல்ல சொட்டு. குத்திய 15 விநாடிக்குள் வைத்துவிட வேண்டும். போதவில்லை என்று இன்னொரு சொட்டை அதே ஸ்ட்ரிப்பில் சேர்க்கக் கூடாது. புது ஸ்ட்ரிப், வேறு விரல். லூபஸில் ரேனாட்ஸ் தொல்லை (குளிரில் விரல் ரத்தக்குழாய்கள் சுருங்குவது) உள்ளவர்களுக்கு விரல் வெளுத்துச் சில்லிட்டுக் கிடக்கும், ரத்தம் வராது. அழுத்திப் பிதுக்கினால் திசு நீர் கலந்து எண் கெடும். வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கையைத் தொங்கவிட்ட பிறகு குத்துங்கள்.

ஸ்ட்ரிப் 2 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் அலமாரி தாங்காது, ஃபிரிட்ஜ்தான். ரத்தசோகை முற்றி ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 25 சதவீதத்துக்குக் கீழே போனாலும் முடிவை நம்ப முடியாது. லூபஸில் இது அபூர்வமில்லை.

ஐஎன்ஆரே பார்க்க வேண்டாத ரிவராக்ஸபன் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைக்கு மாறலாமே என்று பலரும் கேட்கிறார்கள். ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோமுக்குப் பார்க்கும் மூன்று வகை ஆன்டிபாடியும் பாசிட்டிவாக இருந்தவர்களிடம் அதைச் சோதித்த ட்ராப்ஸ் ஆய்வு, ரத்த உறைவுகள் அதிகமானதால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. அவர்களுக்கு வார்ஃபரினே சரி.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ கருவியைத் தேடாதீர்கள். திரையில் எந்த எண் இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.