இறக்கினதே இறக்கினோம்: கியர்பாக்ஸை ரிப்பேர் செய்வதா, அப்கிரேடா?

மச்சினன் போன் பண்ணியபோது அவன் கார் பாண்டிச்சேரி முதலியார்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட் மேல் நின்றிருந்தது. "மாமா, ரெண்டாவது கியர் கரகரன்னு அரைக்குது. பாக்ஸ இறக்கச் சொல்லிட்டேன். இறக்கினதே இறக்கினோம், பெரிய கிளட்ச், எல்எஸ்டி, ஸ்ட்ராங் கியர் செட்டுன்னு எல்லாத்தையும் போட்டுடலாமா?" எல்எஸ்டி என்றால், ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றிவிடாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல்.

கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். வண்டி மேனுவல் கியர், டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி கொடுத்த டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை, 175 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி, 230-க்கு ஏற்றி வைத்திருக்கிறான். ஒர்க்‌ஷாப்பில் "இறக்கினதே இறக்கினோம்" என்று ஆரம்பித்தவன் யாரும் குறைந்த பில்லோடு வீடு திரும்பியதில்லை. சாயங்காலமே கிளம்பிப் போனேன்.

முதலில் கியர் ஆயிலைப் பார்த்தோம். டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் விபூதியைக் குழைத்துப் பூசிய மாதிரி சாம்பல் நிறப் பசை. அது இருக்க வேண்டியதுதான், வழக்கமான தேய்மானம். கவலை தந்தது தட்டில் இருந்த ஆயில். டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் தங்கத் தூள் மாதிரி மினுமினுப்பு. பித்தளை. அதாவது, கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங் தேய்கிறது. இரும்புச் சில்லு ஒன்றாவது கிடைத்திருந்தால் கியர் பல்லோ பேரிங்கோ போயிருக்கிறது என்று அர்த்தம், பேச்சே வேறு. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நம் ஊரில் இதையும் சந்தேகப்பட வேண்டும்: 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு பாண்டிச்சேரியில் எத்தனை வண்டி முட்டளவுத் தண்ணீரில் நின்றது! சூடான பாக்ஸ் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

இப்போது அவன் கேள்வி. சிங்க்ரோ தேய்வதற்கும் டார்க் கூடியதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கியர் மாற்றும் நேரத்தில் கிளட்ச் மிதித்திருக்கிறது, இன்ஜின் பலம் பாக்ஸுக்குள் வருவதே இல்லை. அந்தக் கணத்தில் ரிங் செய்யும் வேலை ஒன்றுதான்: கியரின் கூம்பில் உரசி, கியர், ஷாஃப்ட் இரண்டின் வேகத்தையும் சமமாக்குவது. மூன்றிலிருந்து இரண்டுக்குப் படாரென்று இறக்கினால் அந்த ரிங்தான் அடி வாங்கும். கிளட்ச் முழுசாக விடுபடாமல் இழுத்தாலும் அதே கதை. அதனால் இந்தக் கரகரப்புக்கு ஸ்ட்ராங் கியர் செட் போடுவது, வயிற்று வலிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிற மாதிரி.

ஆக, ரிப்பேர் கட்டாயம். அதிலும் ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு மூடுகிற வேலை வேண்டாம். கியரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பற்களின் முனை மழுங்கியிருந்தால் புது ரிங்கும் சீக்கிரமே பழைய பாட்டைப் பாடும். கியரைப் பூட்டும் ஸ்லீவையும் பார்க்க வேண்டும். பேரிங், ஆயில் சீல் எல்லாம் பிரித்த கையோடு மாற்றிவிடலாம். அதற்காக மறுபடி இறக்கினால் லேபர் இரண்டு தடவை. ஆயில், கார் கம்பெனி சொன்ன கிரேடுதான். ஜிஎல்-4 என்ற தரத்து கியர் ஆயில் கேட்கும் பாக்ஸில் "இது இன்னும் ஒசத்தி" என்று ஜிஎல்-5 ஊற்றினால், வழுக்கல் கூடி ரிங்குக்குப் பிடிப்பே கிடைக்காமல் போகலாம்.

அப்கிரேடில் அவனுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது கிளட்ச். இறக்குவதற்கு முன்பே ஒரு நாள் காலாப்பட்டு தாண்டி ஈசிஆரில் பார்த்திருக்கிறான்: ஐந்தாவது கியர், 2000 ஆர்பிஎம், முழு ஆக்ஸிலரேட்டர். ஆர்பிஎம் முள் சரசரவென்று ஏறியதாம், வேகம் ஏறவில்லை. பிளேட் நழுவுகிறது. இது டார்க்கினால் வந்த நோய், இதற்கு மருந்து பெரிய கிளட்ச்தான்.

ஆனால் எந்த கிளட்ச்? அவன் கண் வைத்திருந்தது செராமிக் பட்டன் பிளேட். ரேஸ் டிராக்கில் அது ராஜா. சனிக்கிழமை சாயங்காலம், வெளியூர் வண்டியெல்லாம் பாண்டிக்குள் நுழையும் நேரத்தில் இந்திரா காந்தி சிலை சிக்னலில் அதை வைத்து ஊர்ந்து பாருங்கள். ஒன்று பிடிக்கும், இல்லை விடும். நடுவில் எதுவும் இல்லை. வண்டி குதிரை மாதிரி குலுங்கும். இன்னொன்று, கனமான பிளேட் போட்டால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அந்தக் கனத்தையும் சேர்த்து அடக்க வேண்டியது அதே சிங்க்ரோ ரிங்தான். எதைச் சரிசெய்தோமோ அதையே மறுபடி வதைக்கிற ஏற்பாடு. வழக்கமான ஆர்கானிக் பிளேட்டும் கொஞ்சம் அழுத்தம் கூடின பிரஷர் பிளேட்டும் 230-க்குப் போதும் என்றேன்.

எல்எஸ்டி நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. மழையில் முன்சக்கரம் ஒன்று மட்டும் வெறுமனே சுற்றுகிறவனுக்கு அது வரம். இவன் டயரோ வழுக்கை. முதலில் அதை மாற்றட்டும். அவன் கேட்ட ஸ்ட்ராங் கியர் செட் நேர்ப்பல், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சாய்வுப்பல் அமைதியாக ஓடும், நேர்ப்பல் ஊளையிடும். கடலூருக்குப் போய்ச் சேர்வதற்குள் என் தங்கை காதைப் பொத்திக்கொள்வாள்.

இன்சூரன்ஸில் இதற்கெல்லாம் பைசா வராது. தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் சாதாரண பாலிசியில் சேராது. ரீமேப்பைச் சொல்லாமல் விட்டது வேறு ஒரு தலைவலி, அதை அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மெக்கானிக் அண்ணன் மச்சினனைப் பார்த்து, "தம்பி, மொதல்ல ரெண்டாவதுக்கு மெதுவா இறக்கக் கத்துக்கோ, அது ஃப்ரீ" என்றார். அவன் சிரிக்கவில்லை. ரிங், ஸ்லீவ், பேரிங், சீல், ஆர்கானிக் கிளட்ச் என்று முடிவானது; எஸ்டிமேட் அவன் முதலில் போட்ட கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆயிலை இன்னொரு தடவை இறக்கச் சொல்லியிருக்கிறார். பிளக்கைக் கழற்றும்போது நானும் டார்ச்சோடு நிற்பேன்.