பாய்லர் போர்டு போய்விட்டது என்றால் உடனே நம்பாதீர்கள்

இங்கிலாந்தில் வீட்டைச் சூடாக்க கேஸ் பாய்லர் வைத்திருப்பவர்கள், புதிய ரேடியேட்டர் வால்வு போடும் யோசனை இருந்தால் இதைப் படித்துவிடுங்கள்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நிறுவனத்தார் வந்து எல்லா ரேடியேட்டருக்கும், அறை சூடானதும் தானாக மூடிக்கொள்ளும் தெர்மோஸ்டாட் வால்வு போட்டார்கள். மொத்த வீட்டுச் சூட்டையும் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மாட்டியிருக்கும் ஹாலில் உள்ளதையும் விடவில்லை. அதற்குப் பிறகுதான் தொல்லை. பாய்லர் கெட்டில் கொதிப்பது போல இரையும், பிறகு லாக் ஆகி நின்றுவிடும். கடுங்குளிரில் ஒழுங்காக ஓடும். வெயில் தலைகாட்டும் நாட்களில்தான் நிற்கும்.

அதே ஆட்களைக் கூப்பிட்டோம். பாய்லரை இயக்கும் மின்னணு போர்டு போய்விட்டது என்று மாற்றினார்கள். சரியாகவில்லை. பம்ப் என்றார்கள், அதையும் மாற்றினார்கள். கடைசியில் புது பாய்லருக்கு 2,000 பவுண்டுக்கு மேல் விலை சொன்னார்கள்.

கேஸ் சேஃப் பதிவு (கேஸ் வேலை செய்வதற்கான பதிவு) உள்ள வேறொரு பொறியாளர் வந்தார். பாய்லரைத் தொடவே இல்லை. நேராக ஏரிங் கப்போர்டில் (துணி உலர்த்தும் அலமாரியில்) இருந்த பைபாஸ் வால்வைப் பார்த்தார். அதை உச்ச அளவுக்கு இறுக்கி வைத்திருந்தார்கள், திறக்கவே வழியில்லை. இதமான நாளில் அறைகள் சீக்கிரம் சூடாகி எல்லா ரேடியேட்டர் வால்வும் மூடிக்கொள்ளும். பம்ப் தள்ளும் தண்ணீருக்குப் போக இடமில்லை. சூடு பாய்லருக்குள்ளேயே தேங்குகிறது, அது தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. அழுத்தம் ஏறும்போது தானாகத் திறந்து தண்ணீரைத் திருப்பி அனுப்பத்தான் அந்த வால்வே இருக்கிறது! அவர் அதைச் சரியான அளவுக்குத் தளர்த்தி, ஒரு ரேடியேட்டராவது எப்போதும் திறந்திருக்க ஹால் ரேடியேட்டரின் வால்வுத் தலையைக் கழற்றினார். அதற்குப் பிறகு பாய்லர் ஒருமுறைகூட நிற்கவில்லை.

பைபாஸை ஒரேயடியாகத் திறந்துவைப்பதும் தவறு. சுடுநீர் ரேடியேட்டருக்குப் போகாமல் நேரே திரும்பிவிடும். திரும்பும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பாய்லர் புகையிலிருக்கும் சூட்டை மீட்கும். இல்லாவிட்டால் கேஸ் பில் ஏறும். எல்லா ரேடியேட்டரும் திறந்திருக்கும்போதே பைபாஸ் குழாய் கொதித்தால் சந்தேகப்படுங்கள். சில பாய்லர்களில் பைபாஸ் உள்ளேயே இருக்கும், கையேட்டைப் பாருங்கள். பாய்லர் மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள்.

வால்வு போட வருகிறவரிடம் பைபாஸை எந்த அளவில் வைப்பார் என்று முன்கூட்டியே கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். அதைச் சொல்லி, போர்டுக்கும் பம்புக்கும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.