ரியோ நீக்ரோவா, சொலிமோயிஸா: எந்த ஆற்றில் காடு அதிகம் கரைந்திருக்கிறது?

பிரேசிலில் மனாவுஸ் நகரத்துக்குப் பக்கத்தில் அமேசான் படுகையின் இரண்டு பெரிய ஆறுகள் சேர்கின்றன. ரியோ நீக்ரோவின் தண்ணீர் கறுப்பு. சொலிமோயிஸ் மஞ்சளும் பழுப்புமாகக் கலங்கி வருகிறது. வேகம், வெப்பம், அடர்த்தி மூன்றிலும் வித்தியாசம் இருப்பதால், சேர்ந்த பிறகும் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தூரம் இரண்டும் ஒட்டாமல் பக்கம் பக்கமாகவே ஓடும்.

மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் கறுப்பு ஆறுதான் அழுக்கு என்று தோன்றும். ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வைத்தால் கதை மாறிவிடும். நீக்ரோ தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில் இருக்கும், ஆனால் டம்ளருக்கு அந்தப் பக்கம் தெரியும். சொலிமோயிஸ் தண்ணீரில் எதுவும் தெரியாது. அப்படியே வைத்திருந்தால் சொலிமோயிஸின் மண் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் படியும். நீக்ரோவின் நிறம் எத்தனை நாள் வைத்தாலும் படியாது. 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் ஊற்றினாலும் அந்த நிறம் தண்ணீரோடே இறங்கிவிடும். அப்படி இறங்கும், இலை, வேர், பாசி போன்ற உயிர்ப்பொருள்களிலிருந்து வந்த சரக்கைத்தான் கரைந்த கரிமப் பொருள் என்கிறார்கள்.

அளவில் நீக்ரோவுக்குத்தான் முதலிடம். லிட்டருக்கு ஏறத்தாழ 8 முதல் 12 மில்லிகிராம் கரைந்த கரிமக் கார்பன், அதாவது அந்தக் கரிமப் பொருளில் உள்ள கார்பன், அதில் இருக்கும். சொலிமோயிஸில் பெரும்பாலும் அதில் பாதிதான். மிதக்கும் வண்டலில் நிலைமை தலைகீழ். சொலிமோயிஸில் அது லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டும், நீக்ரோவில் 10-ஐ ஒட்டியே நிற்கும்.

இரண்டு ஆறுகளுக்கும் மழைக்காடுதான் பின்புலம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? காடு எவ்வளவு அடர்த்தி என்பதைவிட, காட்டுக்கு அடியில் என்ன மண் இருக்கிறது என்பதே பெரிது என்பது என் முடிவு. நீக்ரோ படுகையில் பெரும் பரப்புகளில் வெளுத்த குவார்ட்ஸ் மணல் கிடக்கிறது. பாட்ஸால் வகை மண். அதன் மேல் காம்பினாரானா எனப்படும் குட்டையான காடு. உதிர்ந்த இலையும் வேரும் அரைகுறையாக மட்கி, ஹ்யூமிக் அமிலங்களாக மழைநீரோடு கீழே இறங்குகின்றன. அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள மணலில் களிமண்ணும் இல்லை, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் இல்லை. அதனால் நேராக ஓடைக்குப் போய்விடுகின்றன.

இதற்கு நல்ல சாட்சி மனாவுஸ் வட்டாரத்திலேயே இருக்கிறது. அதே மழை, அதே வெயில், எங்கு பார்த்தாலும் காடு. ஆனால் களிமண் மேட்டிலிருந்து இறங்கும் ஓடை தெளிவாக ஓடுகிறது, மணல் நிலத்திலிருந்து வருவது கறுப்பாக வருகிறது. களிமண் மேட்டிலும் இலை உதிரத்தான் செய்கிறது. மண் அதை விடுவதில்லை, அவ்வளவுதான்.

சொலிமோயிஸ் ஆண்டிஸ் மலையிலிருந்து களிமண்ணைச் சுமந்துகொண்டு வருகிறது. அந்தக் களிமண் ஓடுகிற தண்ணீரிலேயே கரிமப் பொருளை ஒட்டவைத்துக்கொள்கிறது, அதிலும் நைட்ரஜன் உள்ள அமினோ அமிலங்களை விரும்பிப் பிடிக்கிறது. ஆகவே வடிகட்டிய நீரை மட்டும் வைத்து ஒப்பிடுவது சொலிமோயிஸுக்குச் செய்யும் அநியாயம். அதன் கரிமத்தில் கணிசமான பங்கு வடிதாளிலேயே தங்கிவிடுகிறது.

சேர்மானத்துக்கு வருவோம். நீக்ரோவில் கரைந்திருப்பது பெரும்பாலும் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்), டானின் (பட்டை, இலையின் துவர்ப்புப் பொருள்) போன்றவை சிதைந்து உண்டான, கார்பன் அணுக்கள் வளையமாகக் கோத்த கட்டமைப்பு நிறைந்த ஹ்யூமிக், ஃபுல்விக் அமிலங்கள். புற ஊதா ஒளியையும் நீல ஒளியையும் இவை விழுங்குவதால்தான் அந்த நிறம். நீரின் அமிலத்தன்மை பிஎச் 4-க்கும் 5-க்கும் நடுவில் இருப்பதற்கும் இவையே காரணம்.

சொலிமோயிஸிலும் நிலத்திலிருந்து வந்த சரக்குதான் அதிகம். ஆனால் அதன் வெள்ளச் சமவெளியான வார்செயாவில் பாசியும் மிதக்கும் புல்லும் செழித்து வளர்கின்றன. மனாவுஸில் நீர்மட்டம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 மீட்டர் ஏறி இறங்கும். ஏறும்போது சமவெளி ஏரிகளுக்குள் ஆறு புகுகிறது, இறங்கும்போது அங்கே விளைந்ததைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறது. பாசி விடும் சர்க்கரையும் புரதமும் சின்ன மூலக்கூறுகள், நிறமே இல்லாதவை. பாக்டீரியா அவற்றைச் சீக்கிரம் தின்று முடித்துவிடும். அமேசான் ஆறுகள் காற்றில் விடும் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி, 5 ஆண்டுக்குள் செடிகொடிகள் பிடித்த கார்பன்தான் என்று கார்பனின் வயதை அளக்கும் கதிர்க்கார்பன் ஆய்வு ஒன்று 2005-ல் காட்டியது. அதாவது எளிதில் செரிக்கக்கூடியது வந்த வேகத்தில் போய்விடுகிறது. ஆற்றில் நமக்கு அளவிடக் கிடைப்பதில் தின்ன ஆளில்லாத மிச்சமே அதிகம்.

உயிர்வளம் என்றால் சந்தேகமில்லாமல் சொலிமோயிஸ். சத்துள்ள வண்டல், புல், மீன் எல்லாம் அங்கே. நீக்ரோவில் சத்து குறைவு, கொசுவும் குறைவு. ஆனால் கார்டினல் டெட்ரா போன்ற மீன்கள் அந்த அமில நீரிலேயே வாழ்கின்றன. செவுள் வழியாக உடலின் சோடியம் கசிந்து போகாமல் ஹ்யூமிக் பொருள்கள் ஓரளவு காக்கின்றன.

சரி, குடிநீருக்கு எது தேவலை? நான் சொலிமோயிஸைத்தான் சொல்வேன். படிகாரம் போட்டால் மண் படிந்துவிடும். ஹ்யூமிக் பொருளையும் படிகாரம் பிடிக்கும்தான். ஆனால் நீக்ரோ நீரில் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் மிகக் குறைவு. படிகாரம் விழுந்ததும் பிஎச் இன்னும் சரியும், கூடவே சுண்ணாம்பும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். அப்புறம் குளோரின் சிக்கல். இயற்கையான கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் உடம்புக்கு ஆகாத குளோரோஃபார்ம் உண்டாகிறது என்று 1974-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தைச் சேர்ந்த யோஹன்னஸ் ரூக் காட்டினார். அந்த வேதிவினைக்கு நீக்ரோவின் வளைய மூலக்கூறுகள் தோதானவை. ஆனால் மனாவுஸ் நகரம் பெரும்பாலும் தண்ணீர் எடுப்பது ரியோ நீக்ரோவிலிருந்துதான். அந்த நீரில் குளோரின் கலப்பதற்கு முன்பே நிறத்தை முடிந்தவரை இறக்கியாக வேண்டும்.